விசிலுக்குப் பத்துச் சுற்று

பிளாஸ்டிக் நாக்குகள் உடையாமல் கழற்ற வேண்டும். ஒரு துண்டை லேசாகத் தூக்கி, அடுத்ததைக் கீழே அழுத்தி, அப்புறம் இழுக்க வேண்டும். ரகுநாதன் அப்படித்தான் கழற்றிக்கொண்டிருந்தான். வேம்புலி இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். படக்கென்று சத்தம் வந்தது.

“ஒட்ஞ்சிட்ச்சி மாமே.”

“பரவால்ல. இழு.”

“ஆஸ்பத்திரி வண்டி திருமங்கலம் தாண்டியிருக்கும். இப்பிடி பூப்போல கயட்டிக்கினு இருந்தா ஆவாது.”

ரகுநாதனின் மனைவி வனஜாவைக் கிடத்தக் கூடத்தில் இடம் வேண்டும். கூடம் முழுக்கப் பொம்மைக் கார் டிராக் ஓடியது. வாசற்கதவருகே ஒரு வளைவு, டிவி மேசையைச் சுற்றி ஒரு வளைவு, நடுவில் ஒரு சின்னப் பாலம். அதைத் தாண்டி, ஜன்னலோரக் கட்டிலுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வெளியே வரும். கறுப்புத் துண்டுகள். நடுவில் பள்ளம், பள்ளத்தின் இருபக்கமும் கரண்டு பாயும் இரும்புப் பட்டை. பள்ளத்தில் மூக்கை நுழைத்துக்கொண்டு கார் ஓடும். கட்டிலில் படுத்தபடி வனஜா பார்ப்பதற்காக அப்படிப் போட்டது. கட்டிலுக்கு அடியில் போகும்போது மட்டும் அவளுக்குத் தெரியாது. “அப்ப காதால பாத்துப்பேன்” என்பாள்.

பக்கத்து வீட்டு ஜமீலா ஒரு பழைய படுக்கை விரிப்போடு வந்து நின்றாள்.

“எங்க வூட்ல வைக்கிறேன் அண்ணா. இதுல போடுங்க.”

துண்டுகளை விரிப்பில் போட்டார்கள். டிரான்ஸ்பார்மரையும், கட்டைவிரலால் அழுத்தி ஓட்டும் பிடியையும் மேலே வைத்தார்கள். ஜமீலா நான்கு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டுத் தூக்கிக்கொண்டு போனாள். வாசலருகே போனதும் காலைச் சற்று உயர்த்தி வைத்தாள். அங்கே இப்போது தாண்டுவதற்கு ஒன்றும் இல்லை. அந்த வீட்டுக்கு வந்துபோகிற எல்லாருக்கும் அந்தப் பழக்கம் வந்திருந்தது.

மிச்சம் கார்தான். ரகுநாதன் அதை எடுத்துச் சமையலறைப் பலகையில், குக்கருக்குப் பக்கத்தில் வைத்தான். கீழே வண்டியின் ஹாரன் கேட்டது.

முகப்பேர் ஹவுசிங் போர்டு வீடுகளின் படிக்கட்டு குறுகல். மூன்று பேர் கீழிருந்து தூக்க, வேம்புலி மேலிருந்து வழி சொன்னான்.

“வளவுல மெதுவா. அப்டியே சாச்சிக்கோ. மெதுவா, மெதுவா. இப்போ நேரு. வா.”

வனஜாவின் அப்பா சண்முகசுந்தரம் கடைசியாக ஏறி வந்தார். கையில் ஆஸ்பத்திரிப் பை. அதை ரகுநாதனிடம் கொடுத்துவிட்டு, வாசலோர நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தார். ஆவடி டேங்க் பேக்டரியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். எங்கே உட்கார்ந்தாலும் சங்கு ஊதியதும் எழுந்துவிடப் போகிறவரைப் போலத்தான் உட்காருவார்.

பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். குளிப்பாட்டி, கல்யாணப் புடவை சுற்றி, மஞ்சள் பூசி, நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்தார்கள். கதவு திறந்தபோது வனஜாவின் அம்மா பஞ்சவர்ணம் மகளின் தலைமாட்டில் இருந்தாள். மருந்து வனஜாவின் முடியை எடுத்துவிட்டிருந்தது. பஞ்சவர்ணம் மல்லிகைச் சரத்தை வட்டமாகச் சுற்றி, இரண்டு காதுக்கும் நடுவே முடி இருப்பதுபோலவே வைத்திருந்தாள். அழுது முடித்த முகம். கைதான் இன்னும் வேலை தேடிக்கொண்டிருந்தது.

“மாப்ளே, அந்தக் காரு எங்க?”

“எந்தக் கார் அத்தை?”

“எந்தக் காரா? எப்பவும் கையில வெச்சிக்கினு கெடந்தாளே, அது.”

ரகுநாதன் சமையலறைப் பக்கம் பார்த்தான்.

“அதை அவகூட அனுப்பிடணும். ஆசை வெச்ச பொருளு வூட்ல தங்கிட்டா அவ போவ மாட்டா. அதையே சுத்திக்கினு இருப்பா.”

பஞ்சவர்ணத்தின் அக்கா பார்வதம் சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். “நெசம்தான்பா. எங்க வூட்டுக்காரரு போனப்ப அவரு டிரான்சிஸ்டரை வைக்க மறந்துட்டோம். மூணு மாசம் தானாப் பாடிச்சு.”

வாசலில் மூங்கிலுக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்த வேம்புலி நிமிரவில்லை. “மூணு மாசத்துக்கும் பேட்ரி யாரு பெரீம்மா போட்டாங்க?”

யாரோ ஒருத்தி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பார்வதம், “போடா அப்பால, எழவூட்ல வந்து வாயப் பாரு” என்றாள். அவளுக்கே உதடு ஒரு பக்கம் இழுத்தது.

பஞ்சவர்ணம் சிரிக்கவில்லை. மருமகனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பட்டது போதும் மாப்ளே. எதுலயும் மாட்டிக்காம போவட்டும்.”

சுற்றினால் என்ன என்று ரகுநாதனுக்குத் தோன்றியது. சுற்றட்டுமே.

“எடுத்துட்டு வரேன்” என்றான்.

சமையலறைக்குள் போய்க் கதவைப் பாதி சாத்தினான். பச்சைக் கார். உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளம். பழைய காலத்து ரேஸ் கார் போலச் செய்தது. நீண்ட மூக்கு, சக்கரங்களை மூடிய மட்கார்டு, திறந்த சீட்டில் தோல் தொப்பியும் கண்ணாடியும் போட்ட ஒரு டிரைவரின் தலை. வனஜா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, பேக்டரியிலிருந்து ரஷ்யாவுக்கு ட்ரெயினிங் போன சண்முகசுந்தரம் திரும்பி வரும்போது கொண்டுவந்த பெட்டியில் இருந்தது. மற்றவர்கள் கேமராவும் கம்பளிக் கோட்டும் கொண்டுவந்தார்களாம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ABTO என்று இருந்தது. வனஜா அதை அப்படியே படித்தாள். அன்றிலிருந்து கார் அப்டோ ஆகிவிட்டது. கூட வந்த சிவப்புக் கார் மோட்டார் புகைந்து சீக்கிரமே போய்ச் சேர்ந்தது. அதன் உறுப்புகளெல்லாம் அப்டோவுக்குள் வந்தன.

ரகுநாதன் அப்டோவை முதலில் பார்த்தது பெண் பார்க்கப் போன அன்று. ஆவடி குவார்ட்டர்ஸ். கேசரி சாப்பிட்டு முடித்ததும், தனியாகப் பேசுவதென்றால் பேசட்டும் என்று சண்முகசுந்தரமே சொன்னார். உள்ளறைத் தரையில் டிராக் கிடந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல் அவன் அதையே பார்த்தான்.

“ஓட்டிப் பாக்கறீங்களா?” என்றாள் அவள்.

அழுத்தினான். முதல் வளைவிலேயே கார் பள்ளத்தை விட்டுப் பறந்து, கூடத்துக்குச் சறுக்கிப் போய், ரகுநாதனின் பெரியப்பா காலடியில் நின்றது. அவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நீங்க எல்லாத்தையும் ஒரே அழுத்தா அழுத்தறீங்க” என்றாள் வனஜா. “நேர்ல அழுத்தணும். வளைவு வந்தா விரலைத் தூக்கிடணும். அதுவே போயிடும்.”

சமையலறையில் குக்கர் ஒரு விசில் விட்டது. அவள் வேகத்தை அளந்தது அதை வைத்துத்தான். ஒரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் நடுவில் எத்தனை சுற்று. அப்போது அப்டோ எட்டுச் சுற்று ஓடும். ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் முணுமுணுத்தாள். அதீன், த்வா, த்ரீ, சித்தீரி. ரஷ்ய எண்கள். அப்பா சொல்லிக்கொடுத்தது, பத்து வரைக்கும். பத்துக்கு மேல் எப்படிச் சொல்வது என்று கேட்டான். “ஓடட்டும், அப்பறம் கத்துக்கறேன்” என்றாள்.

அவன் முறை வந்தது. விரலைத் தூக்கித் தூக்கி ஓட்டினான். மூன்று. நான்கு. விசில் வரவில்லை. ஐந்து. இன்னும் வரவில்லை. வனஜா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, “அம்மா, அடுப்பைக் குறைச்சியா?” என்றாள்.

உள்ளேயிருந்து பஞ்சவர்ணத்தின் குரல் வந்தது. “மாப்ள ஓட்டறாரில்ல.”

“சிம்ல வெச்சா கணக்குல வராது” என்றாள் வனஜா.

மாப்பிள்ளை என்று கூப்பிட அப்போது எதுவும் முடிவாகியிருக்கவில்லை. கூடத்தில் ரகுநாதனின் பெரியப்பா சிரித்துவிட்டார். அதற்கப்புறம் பேச ஒன்றும் பாக்கியில்லை. கிளம்பும்போது சண்முகசுந்தரம் அவனைத் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டார். யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அது அப்டோ இல்ல. ரஷ்யாவுல அந்த எழுத்தை ஆவ்தோன்னு படிக்கணும். வண்டின்னு அர்த்தம். அவகிட்ட சொல்லிடாதீங்க.”

ரகுநாதன் சொல்லவே இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அப்டோ முகப்பேருக்கு வந்தது. வனஜா பக்கத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தாள். அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் காரைப் பிரித்தார்கள். ஒவ்வொன்றாக மாற்றினார்கள். டயர் காய்ந்து வெடித்திருந்தது. அவன் கம்பெனியில் லேத் ஓட்டிய வேம்புலி, ஏதோ பம்புக்கு வந்த ரப்பர் வளையங்களைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தான். வனஜா அதில் தேங்காய் எண்ணெய் தடவி ஒரு ராத்திரி ஊறவைத்தாள். டயர் மெத்தென்று ஆகித் தரையைப் பிடித்தது. பள்ளத்தில் ஓடும் மூக்குக் கட்டை உடைந்தபோது, டூத்பிரஷ் காம்பை அறுத்து ராவி இன்னொன்று செய்தான். வளைவில் தூக்கியடிக்காமல் இருக்க, வகுப்பில் யாரோ தூக்கிப் போட்ட பென்சில் பாக்ஸின் காந்தத்தை அடியில் ஒட்டினாள். ஒட்டியதும் கார் பட்டையோடு கவ்விக்கொண்டு நகரவே மறுத்தது. காந்தத்தைப் பாதியாக உடைத்தார்கள். நகர்ந்தது. ஒன்பது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சோதனை. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு குக்கர். மூன்று விசிலில் இறக்க வேண்டிய சோறு ஏழு விசில் கண்டது. ஒருநாள் குழம்பு வாங்க வந்த ஜமீலா சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “ஏங்க்கா, வூட்ல யாருக்காச்சும் பல்லு வலியா?” என்று கேட்டாள்.

வியாதி வந்த பிறகுதான் வனஜா மோட்டாரில் கை வைத்தாள். உள்ளே சுற்றியிருந்த செப்புக் கம்பியை முழுக்க அவிழ்த்துவிட்டு, சற்றே தடித்த கம்பியைக் குறைவான சுற்றுகளாகச் சுற்றினாள். அதிகம் சூடாகும், ஆனால் வேகம் வரும் என்றாள். தலையணையில் சாய்ந்துகொண்டு, பூதக்கண்ணாடியைக் கட்டில் சட்டத்தில் கட்டிவைத்து, நல்லாயிருந்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினாள். மோட்டார் திரும்ப ஓடியபோது சத்தமே மாறியிருந்தது. முன்பு கரகரவென்று ஓடியது, இப்போது ஒரே இழுப்பாகப் பாடியது. பத்து.

“பதினொண்ணு போகும்” என்றாள். “சடைதான் பத்தல.”

மூக்குக் கட்டையின் இருபக்கமும் செப்புக் கம்பியில் பின்னிய இரண்டு பட்டைகள் தொங்கும். டிராக்கின் இரும்பை உரசிக் கரண்டை மேலே கொண்டுபோவது அவைதான். அவற்றுக்கு அவள் வைத்த பெயர் சடை. தேய்ந்து, பிரிந்து, பொறி பறந்தது. “எனக்குத்தான் சடை போச்சு. இதுக்காவது நல்லதாப் பின்னிவிடறேன்” என்றாள். டிவி ஆன்டெனா கேபிளை அறுத்து, உள்ளே வலைபோல இருக்கும் செப்பிழைகளைப் பிரித்து எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அதையும் எடுத்துப் போனாள்.

கூடத்தில் யாரோ புதிதாக வந்து அழத் தொடங்கினார்கள். ரகுநாதன் ஆஸ்பத்திரிப் பையைக் கவிழ்த்தான். தட்டு, டம்ளர், பாதி சோப்பு, துண்டு, பிளாஸ்க். பிளாஸ்க் மூடியைத் திறந்தான். அதில் ஒரு மாத்திரை அட்டை மடித்து வைத்திருந்தது. மடிப்புக்குள் இரண்டு செப்புச் சடைகள் இருந்தன. விரல் நகம் அகலம். கடைசி முனை வரை இழை பிசகாமல் பின்னி, பிரியாமல் இருக்க நூலால் கட்டியிருந்தாள். அது வார்டில் பழங்கள் கட்டி வரும் சிவப்பு நூல்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் அவள் வைத்திருந்த சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். காரைக் கவிழ்த்தான். அடியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டு திருகுகள். கழற்றினான். பச்சை மேல்கூடு டிரைவரின் தலையோடு தனியாக வந்தது. அது ரஷ்யாவிலிருந்து வந்தபடியே இருந்தது. அதில் யாரும் ஒன்றும் மாற்றியதில்லை. மிச்சம் கையில் இருந்தது சக்கரமும் காந்தமும் டூத்பிரஷ் மூக்கும் மோட்டாரும்.

“மாப்ளே” என்று பஞ்சவர்ணம் கூப்பிட்டாள்.

பீரோவில் வைக்க முடியாது, புடவைக்காகப் பெண்கள் திறந்துகொண்டே இருந்தார்கள். பரணுக்கு ஏணி வேண்டும். குக்கரைத் திறந்தான். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. மோட்டார்ப் பாகத்தையும் சடைகளையும் உள்ளே வைத்து மூடியைத் திருகினான். பச்சைக் கூட்டை மட்டும் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தான். டிவி மேசையருகே வந்தபோது கால் தானாக உயர்ந்தது.

பஞ்சவர்ணம் கையை நீட்டினாள். அதற்குள் நாற்காலியிலிருந்து சண்முகசுந்தரம் எழுந்து வந்திருந்தார்.

“குடுங்க. நான் வைக்கிறேன். நான் வாங்கிட்டு வந்தது.”

ரகுநாதன் கொடுத்தான். வாங்கியதும் அவருடைய கை ஒரு விரற்கடை மேலே எழும்பியது. எடையை எதிர்பார்த்த கை. அவர் மருமகனைப் பார்த்தார். விரல்கள் கூட்டின் அடிப்பக்கம் போய், வெறுமையைத் தொட்டு நின்றன.

ரகுநாதன் வனஜாவின் கால் விரல்களைக் கட்டியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சண்முகசுந்தரம் குனிந்தார். மகளின் வலது கையை மெல்லத் தூக்கி, கூட்டைக் கீழே வைத்து, கையை அதன்மேல் இறக்கினார். சக்கரம் இல்லாமல் மட்கார்டுக்கு உள்ளே இருட்டாக இருந்தது. பக்கத்துத் தட்டிலிருந்து சாமந்தியை அள்ளி இரண்டு பக்கமும் போட்டார். இன்னொரு கை அள்ளிப் போட்டார். கண்ணாடி போட்ட டிரைவரின் தலை மட்டும் அவள் விரலிடுக்கில் தெரிந்தது.

“வெச்சாச்சு” என்றார் மனைவியிடம். பஞ்சவர்ணம் தலையாட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் முழுசாக அழுதாள்.

வெயில் சாயும் முன் தூக்கினார்கள். படிக்கட்டில் இறங்கும்போதும் வேம்புலிதான் வழி சொன்னான். சுடுகாட்டில் மூன்று முறை சுற்றி வரச் சொன்னார்கள். சுற்றினான். வைக்கச் சொன்ன இடத்தில் நெருப்பை வைத்தான். திரும்பிப் பார்க்காமல் நட என்றார்கள். நடந்தான். வீட்டில் அவளைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. ஜமீலா கொண்டுவந்த இட்லியை யாரோ அவன் கையில் பிட்டு வைத்தார்கள். தின்றான்.

மறுநாள் காலையில் பால் தெளிக்கப் போனார்கள். ரகுநாதன், சண்முகசுந்தரம், வேம்புலி, இன்னும் இரண்டு பேர். சாம்பல் ஆறியிருந்தது. எலும்பு பொறுக்கும்போது வேம்புலி ஒரு குச்சியால் அங்கங்கே கிளறினான்.

“அந்தக் கார வெச்சோமே மாமே. ஒன்னியும் காணோமே.”

“பிளாஸ்டிக்தானே” என்றான் ரகுநாதன்.

“பிளாஸ்டிக் எரிஞ்சி பூட்டுருக்கும், சரி. மோட்டாரு இன்னா ஆச்சு? அக்கா சுத்துன செம்புக் கம்பி எங்க பூடும்? காந்தம் எங்க பூடும்? தம்மாத்தூண்டு ஆக்ஸிலாச்சும் கெடைக்கணுமில்ல?”

குச்சி மறுபடி சாம்பலுக்குள் போனது. சண்முகசுந்தரம் அதைப் பிடித்து வாங்கி ஓரமாகப் போட்டார்.

“விடு வேம்புலி. உருகிப் போயிருக்கும்.”

வேம்புலி அவரைப் பார்த்தான். ரகுநாதனைப் பார்த்தான். செம்பு எந்தச் சூட்டில் உருகும் என்று அவனுக்குத் தெரியும். பேக்டரியில் அத்தனை வருஷம் இருந்தவருக்கும் தெரியும்.

“ஆமா நைனா” என்றான் வேம்புலி. “நல்லா கட்டை. நல்லாத்தான் எரிஞ்சிகீது.”

பால் தெளித்து வந்த பிறகு அடுப்புப் பற்றவைக்கலாம். அவர்கள் குளித்துவிட்டு வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. பார்வதம் கட்டிலோரம் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜமீலா படுக்கை விரிப்பு மூட்டையைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தாள்.

“எங்க வைக்கணும்னு தெரியல அண்ணா. அப்டியே இருக்கு. நான் பிரிக்கல.”

“இங்கேயே இருக்கட்டும்மா.”

அவள் போனதும் ரகுநாதன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். சமையலறையில் பஞ்சவர்ணம் அரிசி களைவது கேட்டது. தண்ணீரை வடிப்பது கேட்டது. பிறகு உலோகம் உரசியது, குக்கர் மூடியைத் திருகித் திறக்கும் சத்தம்.

அதுவரை அவனுக்கு அது நினைவே வரவில்லை.

எழுந்திருக்கப் பார்த்தான். சமையலறையில் எந்தச் சத்தமும் இல்லை. குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. சண்முகசுந்தரம் நாற்காலியில் நிமிர்ந்தார்.

பஞ்சவர்ணம் சமையலறை வாசற்படியில் வந்து நின்றாள். ஈரக் கையில் அது இருந்தது. கூடு இல்லாத கார். நான்கு சக்கரமும் கம்பியும் மோட்டாரும் வெளியே தெரிய, தோலுரித்ததுபோல இருந்தது. இன்னொரு கையில் சிவப்பு நூல் கட்டிய இரண்டு சடைகள். அவற்றைக் கட்டைவிரலால் நீவினாள். எத்தனையோ வருஷம் அந்தப் பெண்ணுக்குச் சடை பின்னிய விரல். பின்னலைக் கண்டுகொண்டது.

“நேத்து அனுப்பினது என்ன?”

“மேல் மூடி அத்தை.”

“உங்க மாமாவுக்குத் தெரியுமா?”

சண்முகசுந்தரம் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். அது ஏற்கெனவே போட்டிருந்தது.

பஞ்சவர்ணம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டுவாள் என்று ரகுநாதன் காத்திருந்தான். எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் விட்டுவிட்டு வா என்பாள். போக வேண்டியதுதான். அவள் குனிந்து, காரையும் சடைகளையும் அவனுக்கு முன்னால் தரையில் வைத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

“குக்கர்ல எண்ணெ படிஞ்சிருக்கு” என்றாள். “கழுவணும்.”

உள்ளே போய்விட்டாள். பாத்திரம் தேய்க்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

சண்முகசுந்தரம் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். மூட்டையை அவிழ்த்தார். முதல் துண்டை எடுத்து அடுத்ததில் செருகினார். உடைந்த நாக்குள்ள துண்டை மட்டும் திருப்பிப் பார்த்து, கடைசிக்கு ஒதுக்கினார். வாசலருகே ஒரு வளைவு, டிவி மேசையைச் சுற்றி ஒரு வளைவு, பாலம், கட்டிலுக்கு அடியில். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அப்படியே போட்டார். விளக்கு எரிந்த இடத்தை மட்டும் சற்று விலகிப் போனார்.

ரகுநாதன் பழைய சடைகளைக் கழற்றினான். புதியவற்றைத் துளையில் செருகினான். முனையிலிருந்த நூலைப் பல்லால் கடித்து எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். காரைப் பள்ளத்தில் வைத்தான். சமையலறையில் தீக்குச்சி உரசியது. டிரான்ஸ்பார்மரைச் சொருகினான். இருவரும் காத்திருந்தார்கள்.

குக்கர் முதல் விசிலை விட்டது.

ரகுநாதன் அழுத்தினான். டிரைவர் இல்லாத கார் கிளம்பியது. பாரம் குறைந்துவிட்டதால் நேர்க்கோட்டில் பாய்ந்தது. வளைவில் விரலைத் தூக்கினான். காந்தம் பிடித்தது. கட்டிலுக்கு அடியில் போனதும் சத்தம் மட்டும் வந்தது. பார்வதம் தூக்கத்தில் புரண்டு படுத்தாள். கார் மறுபக்கம் வெளியே வந்தது. சடையில் பொறி பறக்கவில்லை.

“அதீன்” என்றார் சண்முகசுந்தரம்.

அவர் காரைப் பார்க்கவில்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். த்வா. த்ரீ. மகள் சொன்னதைவிட அவர் சொல்லில் ஒலி கனமாக இருந்தது. ப்யாத். ஷெஸ்த். மோட்டார் ஒரே இழுப்பாகப் பாடியது. சூடான செம்பின் வாசனை வந்தது. தேவ்யத். குக்கர் இரைய ஆரம்பித்தது. குண்டு ஆடும் சத்தம் நெருங்கி நெருங்கி வந்தது. விசில் வரப்போகிறது.

“தேஸ்யத்.” பத்து.

கார் நேர்க்கோட்டுக்கு வந்தது. சமையலறையில் அடுப்புக் குமிழ் திரும்பியது. இரைச்சல் அப்படியே தணிந்து அடங்கியது.

ரகுநாதன் திரும்பிப் பார்க்கவில்லை. வளைவு வந்தது. விரலைத் தூக்கினான். கார் கட்டிலுக்கு அடியில் புகுந்தது, சத்தமாக மட்டும் இருந்தது, மறுபக்கம் வெளியே வந்தது.

சண்முகசுந்தரம் அடுத்த எண்ணைச் சொன்னார். ரகுநாதன் இதுவரை கேட்டிராத சொல் அது.